பழைய சினிமா போஸ்டர்: நிலையை மறைக்காமல் விற்க, ஏமாறாமல் வாங்க

சில வருடங்களுக்கு முன், 1960-களில் வந்த ஒரு தமிழ்ப் படத்தின் போஸ்டரை ஆன்லைனில் பார்த்ததும் ஆசை தாங்காமல் பணம் அனுப்பிவிட்டேன். விளம்பரத்தில் இருந்தது இரண்டே சொல்: "நல்ல கண்டிஷன்". படமும் ஒன்றுதான், முன்பக்கம், சற்றுத் தள்ளி நின்று எடுத்தது. பார்சல் வந்து விரித்துப் பார்த்தால் பின்பக்கம் குறுக்கும் நெடுக்குமாக செலோடேப். அது காய்ந்து பழுப்பாகி, அதன் பிசின் காகிதத்துக்குள் இறங்கி, முன்பக்கத்தில் கதாநாயகியின் கன்னத்தில் தேன் நிறப் பட்டையாக வெளியே தெரிந்தது. விற்றவரிடம் கேட்டேன். "அறுபது வருசத்துப் பேப்பர் சார், இந்த அளவுக்கு இருக்குறதே பெருசு" என்றார்.

அவர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று நான் இன்றுவரை நினைக்கவில்லை. போஸ்டர் இரண்டாகப் பிளக்காமல் இருக்கிறதே, அதனால் அவருக்கு அது நல்ல கண்டிஷன். அந்தச் சொல்லுக்கு அவர் வைத்திருந்த அர்த்தமும் நான் வைத்திருந்த அர்த்தமும் ஒன்றில்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து விற்கும்போதும் வாங்கும்போதும் ஒரே வழியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்: முதலில் குறைகளை எழுத வேண்டும், எத்தனை, எங்கே, எத்தனை அங்குலம் என்று. நிலையை ஒரே சொல்லிலோ எண்ணிலோ சொல்லும் கிரேடு கடைசியில் வரட்டும்.

கிரேடு என்ற சொல்லை எப்படிப் புரிந்துகொள்வது

சேகரிப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் மின்ட் (அச்சிலிருந்து வந்த அன்று இருந்ததுபோல்), நியர் மின்ட், வெரி ஃபைன், ஃபைன், வெரி குட், குட், ஃபேர், புவர் என்ற வரிசை நமக்கு வெளிநாட்டிலிருந்து வந்தது. பத்துக்கு இத்தனை என்று எண்ணாகச் சொல்பவர்களும் உண்டு. வரிசை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் 'குட்' என்பது மேலிருந்து ஆறாவது படி. கிழிசல், கறை, ஓரம் உதிர்ந்த இடம் எல்லாம் இருக்கும் போஸ்டரைத்தான் பல சேகரிப்பாளர்கள் 'குட்' என்பார்கள். நம்மூரில் ஒருவர் "குட் கண்டிஷன்" என்று எழுதும்போது அவர் சொல்வது பெரும்பாலும் 'நன்றாக இருக்கிறது' என்ற பொருளில். முதல் குழப்பமே இங்கேதான்.

அப்புறம், நம் போஸ்டரின் பிறப்பையும் பார்க்க வேண்டும். சிவகாசியிலும் சென்னையிலும் மலிவான மெல்லிய காகிதத்தில் அச்சாகி, கட்டுக்கட்டாக மடித்து விநியோகஸ்தர் அலுவலகத்துக்கும் அங்கிருந்து ஊர் ஊராகத் தியேட்டருக்கும் போய், பசை தடவிச் சுவரில் ஏறி, அடுத்த படம் வந்ததும் அதன் மேலேயே இன்னொரு போஸ்டர் ஏறும். நீடிக்க வேண்டும் என்று யாரும் அதை அச்சடிக்கவில்லை. நம் கைக்கு வருவது, ஒட்டாமல் மீந்துபோய் ஏதோ ஒரு குடோனில் கிடந்த கட்டு. எத்தனை கோடையும் எத்தனை மழைக்காலமும் பார்த்த காகிதம் அது. ஆகவே 1950, 60-களின் தமிழ் போஸ்டரை யாராவது 'மின்ட்' என்று எழுதினால் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான்.

மடிப்பை மட்டும் குறையாக எண்ணத் தேவையில்லை. அமெரிக்காவிலும் 1980-களின் முற்பகுதிவரை போஸ்டர்கள் பெரும்பாலும் மடித்தே தியேட்டருக்குப் போயின. நம்மூரிலும் அதே கதை. மடிப்பு இருப்பது இயல்பு. மடிப்பின் மேல் மை உதிர்ந்திருக்கிறதா, மடிப்பு நைந்து விட்டுப்போயிருக்கிறதா, இரண்டு மடிப்பு சந்திக்கும் இடத்தில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்பதுதான் குறைக் கணக்கில் வரும்.

நான் பயன்படுத்தும் அளவுகோலைச் சொல்கிறேன், உங்களுடையது வேறாக இருக்கலாம், ஆனால் விளம்பரத்தில் அதை எழுதிவிடுங்கள். மடிப்பைத் தவிர வேறு எதுவும் இல்லை, நிறம் மங்கவில்லை, பின்பக்கமும் சுத்தம் என்றால் பத்துக்கு எட்டரை, ஒன்பது. மடிப்புச் சந்திப்பில் சின்ன ஓட்டை, ஓரத்தில் அரை அங்குலக் கிழிசல் ஒன்றிரண்டு, ஆனால் படத்தில் எதுவும் போகவில்லை என்றால் ஏழு. கறை இருக்கிறது, மடிப்பு சில இடங்களில் பிரிந்திருக்கிறது, ஓரத்தில் துண்டு போயிருக்கிறது என்றால் ஐந்து. முகத்திலோ படத்தின் பெயரிலோ காகிதமே இல்லை, அல்லது தொட்டால் பொடிகிறது என்றால் மூன்றுக்குக் கீழ். இரண்டு படிகளுக்கு நடுவே தடுமாறினால் கீழே உள்ளதைப் போடுங்கள். வாங்கியவர் "நீங்கள் எழுதியதைவிட நன்றாக இருக்கிறது" என்று சொல்லும்படி இருக்கட்டும்.

இன்னொன்று. அரிதான போஸ்டர் என்பதற்காக கிரேடைக் கூட்டக் கூடாது. "இந்தப் படத்துக்கு இது ஒன்றுதான் பார்த்திருக்கிறேன், அதனால் எட்டு" என்று எழுதுபவர்களைப் பார்க்கிறேன். அரிது என்றால் விலையைக் கூட்டுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். கிழிசல் கிழிசல்தான்.

விற்கும் முன் உட்கார்ந்து பாருங்கள்

சுத்தமான பெரிய மேசை, இல்லையென்றால் தரையில் விரித்த வெள்ளை வேட்டி. கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், காபி டம்ளரைப் பக்கத்து அறையில் வையுங்கள். போஸ்டரை மெதுவாக விரியுங்கள். மடிப்பு முரண்டு பிடித்தால் அழுத்தாதீர்கள். விரிக்கும்போதே மொடமொடவென்று சத்தம் கேட்டால், மடிப்பில் தூள் கொட்டினால், அதையே முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள்: காகிதம் உயிரிழந்துவிட்டது, உடனே பாதுகாப்பு வேலை தேவை. மரக்கூழில் செய்த மலிவுக் காகிதத்தில் அமிலம் ஊறிக்கொண்டே இருக்கும். அது பழுப்பதும் முறுகுவதும் அதனால்தான். மேலே நிறம் பளிச்சென்று இருந்தும் காகிதம் அப்பளம் போல் ஆகிவிட்ட போஸ்டர்கள் உண்டு, படத்தில் அது தெரியவே தெரியாது. வாங்குபவரால் தொட்டுப் பார்க்க முடியாது என்பதால் இதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பிறகு அளந்து பாருங்கள். நம் ஒற்றை ஷீட் போஸ்டர் பெரும்பாலும் 30-க்கு 40 அங்குலம், சின்னது 20-க்கு 30. ஒரு பக்கம் ஒரு அங்குலம் குறைகிறது, அந்தப் பக்கத்தில் வெள்ளை விளிம்பும் காணோம், அச்சகத்தின் பெயர் வரும் இடமும் காணோம் என்றால் யாரோ ஓரக் கிழிசலை மறைக்கக் கத்திரிக்கோல் போட்டிருக்கிறார்கள். விளிம்பு வெட்டியது பெரிய குறை. பார்க்க அழகாக இருக்கும், அதனாலேயே பலர் எழுதுவதில்லை. பல தாள்களைச் சேர்த்து ஒட்டும் இரண்டு ஷீட், ஆறு ஷீட் போஸ்டர் என்றால் எல்லாத் துண்டும் இருக்கிறதா, ஒரே அச்சிலிருந்து வந்தவையா என்று பாருங்கள். ஒரு துண்டில் சிவப்பு அடர்ந்தும் பக்கத்துத் துண்டில் வெளிறியும் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

பின்பக்கத்துக்கு முன்பக்கத்தைவிட அதிக நேரம் கொடுங்கள். டேப், ஒட்டுக் காகிதம், பேனா எழுத்து, ரப்பர் ஸ்டாம்ப், தண்ணீர்க் கறையின் அலைக்கோடு எல்லாம் அங்கேதான் இருக்கும். தியேட்டர் பெயரை மையில் எழுதியிருப்பதும், "25-வது நாள்" என்று துண்டுத் தாள் ஒட்டியிருப்பதும் சிலருக்குக் குறை, எனக்கு அது போஸ்டரின் வரலாறு. எதுவானாலும் எழுதிவிட்டால் வாங்குபவரே முடிவு செய்துகொள்வார்.

அடுத்தது வெளிச்சம். இருவர் சேர்ந்து போஸ்டரை ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள் (முறுகிய காகிதத்தை இப்படித் தூக்க வேண்டாம்). மேசையில் கண்ணுக்கே படாத ஊசித் துளை, இராமபாணப் பூச்சி சுரண்டி மெலிந்த இடம், செல்லரித்த பாதை எல்லாம் நட்சத்திரம் போலத் தெரியும். நானே ஒருமுறை இதைச் செய்யாமல் ஒரு போஸ்டரை "துளை எதுவும் இல்லை" என்று எழுதி விற்றேன். வாங்கியவர் சட்டம் போடும் முன் வெளிச்சத்தில் பிடித்துப் படம் அனுப்பினார், மேல் மூலையில் பன்னிரண்டு துளைகள். நான் மறைக்கவில்லை, பார்க்கவில்லை. ஆனால் அவருக்கு இரண்டும் ஒன்றுதானே? பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், போஸ்டர் வந்து சேர்ந்த தபால் செலவும் என்னுடையது.

கடைசியாக மோந்து பாருங்கள். பூசண வாடை, அந்துருண்டை வாடை இரண்டும் எழுத வேண்டியவை. பூசணம் ஒரு போஸ்டரோடு நிற்காது, வாங்கியவர் வீட்டுப் பெட்டியில் இருக்கும் மற்ற காகிதங்களுக்கும் போகும்.

படம் எடுப்பது

பகல் நேரம், நேர் வெயில் படாத இடம், ஃபிளாஷ் வேண்டாம், ஃபில்டர் கட்டாயம் வேண்டாம். பிளாஸ்டிக் உறைக்குள்ளோ கண்ணாடிச் சட்டத்துக்குள்ளோ வைத்து எடுக்காதீர்கள், பளபளப்பு பாதிக் குறைகளை விழுங்கிவிடும். முழு முன்பக்கம், முழுப் பின்பக்கம், நான்கு மூலைகள், ஒவ்வொரு மடிப்புச் சந்திப்பு, அச்சகத்தின் பெயர் இருக்கும் அடிவரி, அப்புறம் ஒவ்வொரு குறையும் பக்கத்தில் ஸ்கேல் வைத்து. டார்ச்சைப் பக்கவாட்டில் தாழப் பிடித்து ஒரு படம் எடுத்தால் சுருக்கமும் மேடுபள்ளமும் நிழலோடு தெரியும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் அது சுருக்கி அனுப்பி, மெல்லிய கிழிசல் எல்லாம் மறைந்துபோகும்.

வர்ணனையும் அப்படியே இருக்கட்டும். 'லேசான கறை', 'சிறு கிழிசல்', 'வயதுக்கு ஏற்ற நிலை' என்ற மூன்றையும் நான் எழுதுவதை விட்டுவிட்டேன். அதற்குப் பதில் இப்படி: "வலது மேல் ஓரத்தில் 2 அங்குலக் கிழிசல், படத்துக்குள் அரை அங்குலம் ஏறியிருக்கிறது. நடு மடிப்புச் சந்திப்பில் மிளகு அளவு ஓட்டை. இடது கீழ் மூலையில் 1 அங்குல முக்கோணமாகக் காகிதம் இல்லை, வெள்ளை விளிம்பில் மட்டும். பின்பக்கம் இரண்டு இடத்தில் பழைய டேப், கறை முன்பக்கம் வரவில்லை." இதைப் படிப்பவர் கண்ணை மூடினால் போஸ்டர் தெரியும். விலை பேசும்போது சண்டையும் வராது.

ஒட்டு, சீரமைப்பு, துணி பேக்கிங்

அதிகம் மறைக்கப்படுவது இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பேக்கிங் என்று இங்கே சொல்வது பார்சல் கட்டுவதை இல்லை, போஸ்டரைத் தாங்க அதன் பின்னால் துணி ஒட்டுவதை. முறையான பேக்கிங்கில் போஸ்டரின் பின்னால் அமிலம் இல்லாத மெல்லிய ஜப்பானியக் காகிதம், அதற்குப் பின்னால் பருத்தித் துணி, இடையில் கோதுமை மாவுச்சத்துப் பசை இருக்கும். தண்ணீரில் மறுபடி பிரித்தெடுக்கலாம் என்பதுதான் அதன் உயிர்நாடி. நம்மூரில் சட்டம் போடும் கடைகளில் "துணி ஒட்டித் தருகிறோம்" என்று காடாத்துணியில் ஃபெவிகால் போட்டு ஒட்டுவதும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் துணிதான். ஆனால் அந்தப் பசை காய்ந்துவிட்டால் காகிதத்தைக் கெடுக்காமல் பிரிப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். ஆகவே 'துணி பேக்கிங் செய்தது' என்று மட்டும் எழுதினால் போதாது. எந்தப் பசை, யார் செய்தது, தெரியாவிட்டால் 'தெரியாது' என்றே எழுதுங்கள். லேமினேஷன் இன்னும் மோசம், சூட்டில் பிளாஸ்டிக் காகிதத்தோடு ஒட்டிப்போய்விடும். லேமினேட் செய்த போஸ்டரை எத்தனை பளபளப்பாக இருந்தாலும் நான் நான்குக்கு மேல் போடுவதில்லை.

பேக்கிங் செய்து, கிழிசலை ஒட்டி, போன இடத்தில் காகிதம் வைத்து, வண்ணம் தீட்டினால் மூன்றில் இருந்த போஸ்டர் எட்டுப் போலத் தெரியும். அந்த வேலை தவறில்லை. நல்ல கைகளில் அது போஸ்டரைக் காப்பாற்றுகிறது. அதை எட்டு என்று விற்பதுதான் தவறு. நான் இரண்டு நிலையையும் எழுதுவேன்: "சீரமைப்புக்கு முன் 4, இப்போது பார்வைக்கு 7. நாயகனின் தோளில் 3 அங்குலப் பரப்பு புதிதாகத் தீட்டியது." வேலைக்குக் கொடுக்கும் முன் இரண்டு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு விற்கும்போது அந்தப் படங்களையும் சேர்த்தே கொடுங்கள்.

வாங்குபவருக்கு ஒரு வழி: ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புற ஊதா டார்ச் மலிவாகவே கிடைக்கிறது. இருட்டறையில் அடித்தால் பிற்பாடு தீட்டிய வண்ணமும் வைத்து ஒட்டிய காகிதமும் பல நேரம் வேறு நிறத் திட்டாகத் தெரியும். விற்பவரிடமே அப்படி ஒரு வீடியோ கேட்கலாம்.

டேப்பை நீங்களே உரிக்க முயல வேண்டாம். வீட்டில் ஹேர் டிரையர் வைத்து உரித்து, டேப்போடு மையும் வந்த போஸ்டர்களைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்திருக்கிறது. டேப்பை அப்படியே விட்டு, அது இருக்கிறது என்று எழுதி விற்றாலே போதும்.

முதல் வெளியீடா, மறுவெளியீடா

இது நிலை இல்லை, ஆனால் நிலையைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் வர்ணனை பாதிப் பொய்யாகிவிடும். எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்கள் எத்தனை முறை திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன! பழைய படத்துக்குப் புது பிரிண்ட் வரும்போது புது போஸ்டரும் அச்சாகும், அதில் வருடம் இருக்காது. 1964-இல் வந்த 'கர்ணன்' 2012-இலும், 1965-இல் வந்த 'ஆயிரத்தில் ஒருவன்' 2014-இலும் டிஜிட்டலாக மறுபடி வந்தன. இடைப்பட்ட வருடங்களிலும் இப்படிப் பழைய படங்கள் டூரிங் டாக்கீஸ்களில் ஓடிக்கொண்டேதான் இருந்தன. 1980-களில் அச்சான ஒன்று ஒன்பது நிலையில் இருப்பதில் வியப்பில்லை. அதை 1960-களின் போஸ்டர் என்று விற்கும்போதுதான் விலை பத்து மடங்காகிறது.

அடிவரியைப் படியுங்கள். ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் அந்தத் தாள் 1972 ஆகஸ்ட் 15-க்கு முன் அச்சானதாக இருக்க முடியாது, அன்றுதான் பின்கோடே அறிமுகமானது. அதற்கு முன் ஊர்ப் பெயருக்குப் பின் ஒன்றிரண்டு இலக்க எண் மட்டும் போடுவார்கள். ஆங்கிலத்தில் 'மெட்ராஸ்' என்பதற்குப் பதில் 'சென்னை' என்றிருந்தால் பெரும்பாலும் 1996-க்குப் பிந்தையது. தமிழில் எப்போதும் சென்னைதான் என்பதால் தமிழ் வரியை வைத்து இதைச் சொல்ல முடியாது.

எழுத்தையும் பாருங்கள். யானைத் துதிக்கை போல் முன்னால் சுழித்து வரும் பழைய 'லை', 'னை', 'ணை' 1978-இல் வந்த எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்குப் பிறகுதான் அச்சில் மெல்ல மெல்ல மறைந்தது. 1960-களின் போஸ்டர் என்று சொல்லி, இன்றைய வடிவ 'லை' இருந்தால் நின்று யோசியுங்கள். ஆனால் எதிர்ப்பக்கம் இது உதவாது: பழைய வடிவம் இருப்பதால் மட்டும் பழைய போஸ்டர் ஆகிவிடாது. ஓவியர்கள் கைப்பழக்கத்தில் பிற்பாடும் அப்படி எழுதியிருக்கிறார்கள். பழைய தலைப்பெழுத்தையே எடுத்து மறுபடி அச்சடித்ததும் உண்டு. (இந்தச் சீர்திருத்த வடிவங்களைப் பெரியார் 1930-களிலேயே தம் இதழ்களில் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.)

புது நகல்களைக் கண்டுபிடிக்க நகைக்கடை லென்ஸ் ஒன்று போதும். அடியில் இருக்கும் அச்சகத்தின் பெயரைப் பெரிதாக்கிப் பாருங்கள். அசல் அச்சில் அந்தச் சின்ன எழுத்து பெரும்பாலும் ஒரே மையில் திடமாக இருக்கும். ஸ்கேன் செய்து அச்சடித்ததில் அதே எழுத்து பல நிறப் புள்ளிகளாகச் சிதறித் தெரியும், ஓரம் கலங்கியிருக்கும். பழுப்பும் ஒரு சாட்சி: மடித்துக் கிடந்த போஸ்டரில் வெளிப்பக்கமாக இருந்த கட்டமும் ஓரங்களும் அதிகம் பழுத்து, உள்ளே மடிந்திருந்த பகுதி வெளுப்பாக இருக்கும். தாள் முழுக்க ஒரே சீராகத் தேநீர் நிறத்தில் இருந்தால், அது தேநீராகவே இருக்கலாம்.

ஹாலிவுட் போஸ்டர் வாங்குபவர்கள் அளவைப் பாருங்கள். 1980-களின் நடுப்பகுதிக்கு முந்தைய ஒன் ஷீட் (அங்கே வழக்கமான ஒற்றைத் தாள் போஸ்டர்) 27-க்கு 41 அங்குலம், அதற்குப் பின் 27-க்கு 40. 1940-இலிருந்து பல பத்தாண்டுகள் தியேட்டர்களுக்கு போஸ்டர் விநியோகித்த நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ் என்ற நிறுவனம் வழியாகப் போனவற்றில் அடியில் வருடமும் வரிசை எண்ணும் இருக்கும், 1977-ஆம் வருடம் என்றால் 77 என்று தொடங்கும். அதன் முன்னால் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் மறுவெளியீடு.

வாங்கும் முன் கேட்க வேண்டியது

விற்பவர் நல்லவரா கெட்டவரா என்று யோசித்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், கேள்வியைக் கேளுங்கள். பின்பக்கப் படம் உண்டா? டேப் இருக்கிறதா? விளிம்பு வெட்டியதா, சரியான அளவு என்ன? சீரமைப்பு ஏதாவது? எங்கிருந்து வந்தது? நான் இப்போது கட்டாயம் கேட்பது ஒரு வீடியோ, போஸ்டரை மடித்த நிலையிலிருந்து மெதுவாக விரிப்பதை, சத்தத்தை நிறுத்தாமல் எடுத்தது. காகிதத்தின் சத்தமே பாதி நிலையைச் சொல்லிவிடும். பின்பக்கப் படம் கேட்டதும் "இன்னொருத்தர் பணம் கட்ட ரெடியா இருக்கார், சீக்கிரம் சொல்லுங்க" என்று பதில் வந்தால் அந்த இன்னொருவருக்கே விட்டுவிடுங்கள். எனக்கும் சில போஸ்டர்கள் அப்படிக் கைநழுவியிருக்கின்றன, வருத்தம்தான், ஆனாலும் கேட்காமல் வாங்கியதில் பட்ட வருத்தம் அதைவிடப் பெரிது.

குறை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து விலையைப் பேசுங்கள். வெள்ளை விளிம்பில் இரண்டு அங்குலம் போனதற்கும் நாயகனின் கண்ணில் கால் அங்குலம் போனதற்கும் ஒரே தள்ளுபடி கேட்பது சரியில்லை. அதேபோல் விற்பவர் பத்துக் குறையை நேர்மையாக எழுதியிருக்கும்போது, அந்தப் பட்டியலையே எடுத்துக்கொண்டு விலையை அடிமட்டத்துக்கு இழுக்காதீர்கள். இரண்டு சொல் எழுதியவருக்கு முழு விலையும் எல்லாவற்றையும் எழுதியவருக்குப் பாதி விலையும் கொடுத்தால், அடுத்த முறை அவரும் இரண்டு சொல்தான் எழுதுவார்.

அனுப்புவது

வழியில் கெட்டால் நீங்கள் எழுதிய கிரேடுக்கு மதிப்பில்லை. முறுகாத காகிதம் என்றால் பட்டர் பேப்பரில் சேர்த்துத் தளர்வாகச் சுருட்டி, பாலித்தீன் உறையில் போட்டு, நான்கு அங்குல பிவிசி குழாயில் வைத்து இரண்டு முனையும் மூடுங்கள். இரண்டு அங்குலக் குழாயில் திணிக்காதீர்கள். முறுகிய போஸ்டரைச் சுருட்டவே கூடாது. அது எத்தனை வருடமாக எப்படி மடிந்து கிடந்ததோ அதே மடிப்பில், இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவே தட்டையாக அனுப்புங்கள். புது மடிப்பு ஒன்றுகூட விழக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் சென்னைக்கு அனுப்புவதாக இருந்தால் பாலித்தீன் இரண்டு சுற்று.

பார்சல் வந்ததும் பிரிப்பதை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், திருப்பி அனுப்ப எத்தனை நாள், தபால் செலவு யாருடையது என்பதை யூபிஐ-யில் பணம் வாங்கும் முன்பே எழுத்தில் பேசிவிடுங்கள். நான் கொடுப்பது ஏழு நாள். எழுதாத ஒரு குறை இருந்தால் இரண்டு பக்கத் தபால் செலவும் என்னுடையது. எழுதிய குறையைப் பார்த்து மனம் மாறினால் போஸ்டரை வாங்கிக்கொள்வேன், தபால் செலவு மட்டும் அவருடையது.